கொஞ்சம் ப்ரைட் பண்ணுங்க!

கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும் கல்வராயன் மலை மண்வீடும் போட்டோ எடிட்டருக்கு வைக்கும் பரீட்சை

பூஜையறைக் கதவு ஒன்று. தேக்கு. மேல்சட்டத்தில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் துதிக்கை தூக்கிய யானைகள். கீழே கொடியும் பூவும். நடுவில் மணி தொங்கவிடச் சதுரம் சதுரமாகத் திறப்புகள். கொடிவேலையில் உளி இறங்கியிருக்கும் ஆழம் கால் அங்குலம்தான். தாமரை இதழுக்கு அடியில் மட்டும் முக்கால் அங்குலத்தைத் தொடும். இதழ் மேலே, குழிவு கீழே, இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கோடு. அதை யாரும் வரையவில்லை. பக்கத்து ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சம் இதழில் பட்டு, குழிவில் விழும் நிழல் அது. கணினியில் ‘ஷேடோ’ என்ற ஸ்லைடரை வலது கோடிக்கு இழுத்தால் கோடு காணாமல் போகும். இதழும் குழிவும் ஒரே பழுப்பாகிவிடும். வாரக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கியது, பிளைவுட்டில் ஒட்டிய மைக்கா ஷீட்டைப் போலத் தெரியும்.

கள்ளக்குறிச்சிக்கு இது சின்ன விஷயமில்லை. இந்த வட்டாரத்தின் மரச்சிற்ப வேலைக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-ல் செயல்படத் தொடங்கிய மாவட்டம் இது. அரசு அலுவலகங்களின் பெயர்ப்பலகைகளே புது மை வாசம் அடித்துக்கொண்டிருந்தபோது, ஊரின் பெயர் ஒரு கைத்தொழிலோடு சேர்ந்து பதிவாகிவிட்டது. சாமி சிலை, வாகனம், பூஜை மண்டபம், நிலைக்கதவு, ஊஞ்சல் என்று பட்டறையில் உருவாகிறவை வெளியூர்களுக்குப் போகின்றன. அவை போவதற்கு முன்னால் படம் போகிறது. வாங்குகிறவர் முதலில் பார்ப்பது வாட்ஸ்அப்பில் வந்த படத்தைத்தான். வீடு முடிந்து, கதவு மாட்டி, கிரகப்பிரவேசமும் ஆனபிறகு இன்டீரியர் டிசைனர் தன் பங்குக்கு ஒரு போட்டோகிராஃபரை அழைத்து வருகிறார். அந்தப் படம் அவருடைய இணையப் பக்கத்துக்கு, பத்திரிகைக்கு, அடுத்த வாடிக்கையாளரின் கைபேசிக்கு.

இந்த எல்லாக் கட்டத்திலும் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் சொல்வது ஒன்றுதான்: “கொஞ்சம் ப்ரைட் பண்ணுங்க.”

எதை என்று திருப்பிக் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வந்ததே அவ்வளவுதான். ஓர் அறையில் வெள்ளைச் சுவர் இருக்கிறது, கறுத்த மரம் இருக்கிறது, பித்தளைக் குத்துவிளக்கு இருக்கிறது, சிவப்பு சிமென்ட் தரை இருக்கிறது, வெயில் கொட்டும் ஜன்னல் இருக்கிறது. ஒரு படத்துக்குள் எது எந்த வெளிச்சத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்யாமல் மொத்தத்தையும் தூக்கினால் ஏதாவது ஒன்று செத்துப்போகும். கள்ளக்குறிச்சியில் அநேகமாகச் செத்துப்போவது மரவேலைதான்.

கேமராவுக்குத் தெரிந்தது சாம்பல்

கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டருக்கு எதிரில் இருப்பது சுவரா, கதவா என்று தெரியாது. விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு, எதிரே எது இருந்தாலும் அதை அந்தச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். அமெரிக்க போட்டோகிராஃபர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த ‘ஸோன் சிஸ்டம்’ இந்த அடிப்படையில் எழுந்ததுதான். கறுப்பிலிருந்து வெள்ளைவரை படிகள். எந்தப் பொருள் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பதைப் படம் எடுப்பதற்கு முன்பே எடுப்பவர் முடிவு செய்ய வேண்டும். ஃபிலிம் போய்விட்டது, இருட்டறை போய்விட்டது, அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை.

வெள்ளை பெயின்ட் அடித்த சுவர், விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பும். பாலிஷ் போட்டுக் கறுத்த தேக்கு 10 சதவீதத்துக்குள் நிற்கும். போட்டோகிராஃபர்கள் ‘ஸ்டாப்’ என்று சொல்லும் கணக்கில் ஒவ்வொரு படியும் வெளிச்சத்தின் இரட்டிப்பு. ஆக, சுவருக்கும் கதவுக்கும் இடையில் மூன்று ஸ்டாப் வித்தியாசம். சுவர் படத்தை அடைத்துக்கொண்டால் மீட்டர் பயந்து இறக்கிவிடும்; சுவர் சாம்பலாகும், கதவு கரிக்கட்டையாகும். கதவுக்கு நேரே நெருங்கிப்போய் எடுத்தால் மீட்டர் தூக்கிவிடும். தேக்கு ஆரஞ்சுக் கலரில் வெளுத்து, புதிதாய் வார்னிஷ் அடித்த பாக்கிங் பெட்டிபோல் வந்து நிற்கும்.

0 முதல் 255 வரை எண்ணும் திரை அளவில் பார்த்தால் நடுச் சாம்பல் 118-ஐ ஒட்டி விழும். வெள்ளைச் சுவர் 230-ஐ ஒட்டி நின்றால் அது வெள்ளையாகவும் இருக்கும், பூச்சின் சொரசொரப்பும் தெரியும். கதவின் மேல்பரப்பு 80, 90-ல் இருந்தால் தேக்கின் நிறம் தேக்காகவே வரும். உளிக்குழிவு 20, 30-ல் இருக்கட்டும். இப்போது மொத்தப் படத்தையும் ஒரே ஒரு ஸ்டாப் ஏற்றிப் பாருங்கள். கதவு 118-க்குப் போய்விடும். பரவாயில்லை, கண்ணுக்கு இதமாகக்கூட இருக்கும். ஆனால் சுவர் 255-ல் முட்டி நிற்கும். முட்டிய இடத்தில் ஒரு தகவலும் மிஞ்சாது. சுவரில் மாட்டிய வெள்ளைச் சுவிட்ச் பலகை சுவரோடு கரைந்துவிடும்.

எடிட் செய்பவர்கள் ‘ரா’ ஃபைலில் எடுங்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான். கைபேசி தரும் சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட் ரா ஃபைலில் 16,384. இருட்டான இடத்தைத் தூக்கும்போது அந்தக் கூடுதல் படிகள்தான் கைகொடுக்கும். இல்லாவிட்டால் மரத்தின் நிழலில் பச்சையும் ஊதாவுமாய்ப் புள்ளி கிளம்பும்.

விளக்கை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள்

மரச்சிற்பத்தைப் படமெடுக்க வந்தவர் முதலில் செய்ய வேண்டியது ஸ்விட்சைத் தேடி அணைப்பது. நம் வீடுகளில் பூஜையறைக்கு நேர் எதிரே டியூப்லைட் இருக்கும். இல்லையென்றால் ஃபால்ஸ் சீலிங்கில் வரிசையாக எல்இடி. 2015-ல் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்தபிறகு எல்இடி மலிந்தது. கடையில் கேட்டால் முதலில் எடுத்துக் கொடுப்பது அட்டைப்பெட்டியில் 6500 கெல்வின் என்று அச்சடித்த ‘கூல் டேலைட்’. நேர் எதிரிலிருந்து வரும் அந்த வெள்ளை வெளிச்சத்தில் செதுக்கல் தட்டையாகிவிடும், ஏனென்றால் நிழல் விழ இடமே இல்லை. கேமராவின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஃப்ளாஷும் இதே கெடுதலைத்தான் செய்யும், கூடவே பாலிஷில் ஒரு வெள்ளைப் பொட்டும் வைக்கும்.

விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டு ஜன்னல் ஒன்றை மட்டும் திறந்தால் கதவு எழுந்து நிற்கும். வெளிச்சம் கதவின் பரப்பை ஒட்டிச் சாய்வாக வரும்போது கால் அங்குல ஆழம்கூட நிழல் போடும். தச்சர்களுக்கு இது புதிதே இல்லை. உளியை வைத்துக்கொண்டு பலகையை வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பது எந்தப் பட்டறையிலும் நடக்கிற காரியம். நேரே வைத்துப் பார்த்தால் ஆழம் போதுமா என்று தெரியாது.

எடிட்டிங்கில் வரிசை முக்கியம். முதலில் வெள்ளைச் சுவரை அதன் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதுதான் அறைக்கு நங்கூரம். பார்ப்பவர் கண் மற்ற எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் எடைபோடும். பிறகு கதவை மட்டும் தனியே மாஸ்க் போட்டுப் பிடித்து, அதன் நடுத்தர வெளிச்சத்தை வேண்டுமானால் அரை ஸ்டாப் ஏற்றலாம். குழிவை ஏற்றக் கூடாது. ஷேடோ ஸ்லைடரைத் தொடாமல், ‘கர்வ்’ கோட்டில் நடுப்பகுதியை மட்டும் லேசாக மேலே வளைத்து, கீழ்முனையை இருந்த இடத்திலேயே ஆணி அடித்துவிடுவது நல்லது. மரம் பளிச்சென்று ஆகும், வேலை அழியாது. ‘கிளாரிட்டி’ என்றொரு ஸ்லைடர் இருக்கிறது. மரச்சிற்பம் என்றதும் எல்லோரும் அதை இழுத்துவிடுகிறார்கள். 15, 20 தாண்டினால் யானையின் முதுகைச் சுற்றி ஒரு வெள்ளை ஒளிவட்டம் வந்துவிடும். யானைக்கு எதற்கு அது?

இன்னொரு இடம், நிலைப்படியில் பூசிய மஞ்சளும் குங்குமமும். வெளிச்சத்தைக் கூட்டும்போது இவைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். குங்குமத்தில் சிவப்பு ஏற்கெனவே உச்சத்தில் நிற்கிறது. மேலும் ஏற்றினால் சிவப்பு ஏற வழியில்லாமல் பச்சையும் நீலமும் மட்டும் ஏறும். குங்குமம் ரோஸ் ஆகிவிடும், மஞ்சள் எலுமிச்சைத் தோலாகிவிடும். படம் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டதா என்று சந்தேகம் வந்தால் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்ப்பதற்கு முன் நிலைப்படியைப் பாருங்கள். குத்துவிளக்கின் சுடர் வெள்ளையாக எரிந்துபோவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சுடர் என்றால் அப்படித்தான். அதைக் காப்பாற்றப்போய் அறையை இருட்டாக்குகிறவர்களும் உண்டு.

கல்யாண ஆல்பத்தில் பிடித்த வியாதி

இந்த ‘ப்ரைட்’ ஆசை எங்கிருந்து வந்தது? நம் ஊர் ஸ்டுடியோக்களில் பெரும்பாலானவை பிழைப்பது கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழாவில். அங்கே வெளிச்சம் என்றால் முகத்தை வெளுப்பாக்குவது என்று பழக்கப்படுத்தியாகிவிட்டது. கருத்த பெண்ணை ஆல்பத்தில் சிவத்த பெண்ணாக்கிக் கொடுக்காவிட்டால் ஸ்டுடியோக்காரருக்குத் தொழில் தெரியவில்லை என்று பேர் வரும். அதே கை வீட்டுப் படத்துக்கு வரும்போது அதே வேலையைச் செய்கிறது. கறுத்த தேக்கை வெளுக்கிறது, சிவப்புத் தரையைப் பன்னீர் ரோஸாக்குகிறது, பழைய ஓட்டைப் புது ஓடாக்குகிறது. ஒரு முகத்துக்குச் செய்த அநியாயத்தைவிட இது சிறிதுதான். ஆனால் மூலம் ஒன்றே: கருமை என்றால் குறை என்ற நினைப்பு.

இன்னொரு மூலம் வடதேசங்களிலிருந்து வந்தது. ஐரோப்பாவின் வடக்கு நாடுகளில் குளிர்காலத்தில் பகல் ஒருசில மணி நேரம்தான். கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தை ஜன்னலில் வாங்கிச் சுவரில் பிரதிபலிக்க வைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. வெள்ளைச் சுவர், வெளிர் மரம், வெள்ளைத் திரை. அந்த அறைகளின் படங்கள் இன்ஸ்டாகிராம் வழியாக உலகம் முழுக்கப் பரவி, ‘நல்ல இன்டீரியர் படம் என்றால் வெள்ளையாக இருக்கும்’ என்று ஆகிவிட்டது. எடிட்டிங் மென்பொருளுக்கு விற்கும் ‘ப்ரீசெட்’ தொகுப்புகளில் பாதி இந்தச் சாதிதான். ஒரே ஒரு தட்டு, தேக்கும் தேவதாருவாகும்.

கள்ளக்குறிச்சி இருப்பது வடக்கே 11 பாகை 44 கலையில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் உச்சிவேளைச் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும். குத்தி நிறுத்திய கழிக்கு நிழலே இருக்காது. அந்த வெயிலைத் தெரிந்தவர்கள் கட்டிய வீடு எப்படி இருக்கும்? தெருப்பக்கம் திண்ணை, அதன்மேல் தாழ இறங்கிய கூரை. உள்ளே தாழ்வாரம், நடுவே முற்றம். வெயில் முற்றத்தோடு நின்றுவிடும். கூடத்துக்கு வந்து சேர்வது தரையில் பட்டு, தூணில் பட்டு, சூடெல்லாம் இறங்கிய வெளிச்சம். கூடம் மங்கலாக இருப்பதற்குக் காரணம் கட்டினவரின் கஞ்சத்தனம் இல்லை. அந்த மங்கல்தான் குளிர்ச்சி. சித்திரை வெயிலில் நடந்து வந்து அந்தக் கூடத்துச் சிமென்ட் தரையில் வெறுங்காலை வைத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படத்தில் கூடத்தை முற்றத்தளவுக்கு வெளிச்சமாக்கினால் பார்ப்பவருக்கு வேர்க்கும்.

இருட்டுப் படம் எடுத்தவர்கள்

நிழலை விட்டுவைப்பது நம் கண்ணுக்குப் பழகாத ஒன்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1987-ல் மணிரத்னத்தின் ‘நாயகன்’ வந்தபோது வேலு நாயக்கரின் வீட்டுக்குள் ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் விட்டுவைத்த இருட்டு அதுவரை தமிழ்ப் படத்தில் பழக்கமில்லாதது. மேலிருந்து இறங்கும் ஒளி நெற்றியில் பட்டுக் கண்குழியில் நிழலை நிறுத்தும். அறையின் மூலைகளைத் தேட வேண்டும். ‘மணிரத்னம் படமா, டார்ச் லைட் கொண்டுபோ’ என்று கேலி கிளம்பியதும் உண்மை. அந்த ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது வந்ததும், அந்த வீட்டை நிர்மாணித்த தோட்டா தரணிக்குக் கலை இயக்கத்துக்கான தேசிய விருது வந்ததும் உண்மை. அடுத்த ஆண்டே பாலுமகேந்திராவின் ‘வீடு’. நடுத்தரக் குடும்பம் ஒன்று சொந்த வீடு கட்டப் படும் பாடு. ஒளிப்பதிவும் அவரே. வாடகை வீட்டின் அறைகளை ஜன்னல் வெளிச்சத்தில் எப்படி இருக்குமோ அப்படியே விட்டார். புதுவீடு தேவை என்று பார்ப்பவருக்கு உறைக்க அந்த மங்கல் போதுமாக இருந்தது.

ஓவியத்திலும் அப்படித்தான். 2021 ஜூனில் கொரோனாவுக்குப் பலியான ஓவியர் இளையராஜா வரைந்த பெண்களை எல்லோரும் பகிர்ந்தார்கள், காலண்டரில் மாட்டினார்கள். ஓட்டுவீட்டு வாசலில், அடுப்படியில், தாழ்வாரத்தில் நிற்கும் பெண் முகத்தில் வெளிச்சம் எவ்வளவு அழகு என்று வியந்தவர்கள், சுற்றிலும் அவர் எவ்வளவு இருட்டை விட்டுவைத்தார் என்று அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். அந்த இருட்டை எடுத்துவிட்டால் முகம் எரியாது. கருத்த முகத்தைக் கருத்ததாகவே வைத்துக்கொண்டு ஒளிர வைத்தவர் அவர் என்பதை ஸ்டுடியோக்காரர்களுக்குத் தனியே சொல்ல வேண்டும்.

ஜப்பானிய எழுத்தாளர் ஜூனிச்சிரோ தனிசாகி 1933-ல் நிழலைப் புகழ்ந்து ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். அரக்குப் பாத்திரத்தின் அழகு மின்விளக்கில் தெரியாது, மங்கிய வெளிச்சத்தில்தான் தெரியும் என்பது அவர் வாதம். கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். நம் பூஜையறைக் கதவும் எண்ணெய் விளக்குக்காகச் செதுக்கப்பட்டதுதான். ஆனால் தனிசாகியைப் போல மின்சாரத்தோடு சண்டைபோட எனக்கு விருப்பமில்லை. வயதானவர்கள் வாசற்படி தடுக்கி விழுகிற வீட்டில் நல்ல விளக்கு வேண்டும். பேச்சு படத்தைப் பற்றி மட்டும்.

மலைமேல் கணக்கு மாறுகிறது

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மேலே ஏறினால் கல்வராயன் மலை. 2,000 அடியிலிருந்து 4,000 அடிவரை ஏறி இறங்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைத் துண்டு. கள்ளக்குறிச்சியோடு நிற்காமல் சேலம் பக்கமும் பரவிக் கிடக்கிறது. வெள்ளிமலையில் தாலுகா அலுவலகம். கரியாலூரில் படகுக் குழாம். சுற்றிலும் மரவள்ளியும் சாமையும். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் ஊர்கள். வீடுகள் பெரும்பாலும் கான்கிரீட்டுக்கு மாறிவிட்டன. மிச்சமிருக்கும் பழைய வீடு ஒன்றுக்குள் குனிந்து நுழைந்தால் மண்சுவர், புல் வேய்ந்த கூரை, சாணி மெழுகிய தரை, தானியம் வைக்கும் பரண். ஜன்னல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. வெளிச்சத்துக்கு வாசல்தான் வழி. அடுப்புப்புகை ஏறி ஏறிக் கூரையின் உட்புறம் கறுத்துப் பளபளக்கும்.

வெளியே நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால், உள்ளே அடுப்பு மூலையில் 50 லக்ஸ் இருந்தால் அதிகம். இரண்டாயிரம் மடங்கு, ஸ்டாப் கணக்கில் 11. இன்றைய நல்ல கேமரா இதைத் தட்டுத்தடுமாறிப் பிடித்துவிடும். ஆனால் பளபளப்புத் தாளில் அச்சாகும் படத்துக்குச் சுமார் ஆறு ஸ்டாப்தான் கொள்ளளவு, செய்தித்தாளுக்கு மூன்று சொச்சம். பாதியை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். வாசலையா, மூலையையா?

இங்கேதான் நிழலுக்கு வக்காலத்து வாங்கிய என் வாதத்துக்கே ஒரு சோதனை. இந்த வீட்டை இருட்டாகவே விட்டுவிடுவது எளிது. வாசலில் ஒரு கீற்று வெளிச்சம், பாதி முகம், பின்னால் கறுப்பு. பரிசு வாங்கும் படம். மலைவாழ் மக்களைப் பற்றிய படங்களில் இது சலித்துப்போன ஒரு வார்ப்பு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபிறகு மாவட்டத்தின் பெயரும் மலையின் பெயரும் நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்டன. அந்தச் செய்திகளின் நினைவோடு மலையேறும் கேமராவுக்கு இருட்டுக் குடிசை வசதியாக அமைந்துவிடும். வறுமை, மர்மம், குற்றம் எல்லாவற்றையும் எக்ஸ்போஷர் ஒன்றே சொல்லிவிடும்.

உள்ளே இருப்பவருக்கு அந்த வீடு இருட்டு இல்லை. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்த நமக்குத்தான் முதல் நிமிடம் ஒன்றும் தெரியாது. கண் மெல்ல மெல்லத் திறக்கும். முழுசாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு பார்த்தால் பரணில் சாத்திய முறம் தெரியும், சுவரில் செருகிய அரிவாள் தெரியும், மெழுகிய கை அரைவட்டம் அரைவட்டமாகத் தரையில் விட்ட தடம் தெரியும். அந்த வீட்டில் சமைப்பவர் இதையெல்லாம் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். கேமரா ஒரு கணத்தில் எடுத்த கறுப்பு, வாசலில் நின்று எட்டிப்பார்த்த வெளியூர்க்காரரின் பார்வை. ஆகவே இங்கே ஷேடோவை ஏற்றுவது நியாயம், முறம் தெரிகிற அளவுக்கு. கீழே பட்டறைக் கதவில் பாவமாக இருந்தது மேலே தர்மமாகிறது. வாசலுக்கு வெளியே எரியும் வெயிலை அப்படியே வெள்ளையாக விட்டுவிடலாம். அதுவும் கண் பழகிய பிறகு தெரிவது அப்படித்தான்.

செய்யக் கூடாதது நடுவில் நிற்கும் மூன்றாவது வழி. குறைத்து ஒன்று, சரியாக ஒன்று, கூட்டி ஒன்று என மூன்று படம் எடுத்து மென்பொருளில் கலக்கும் ‘ஹெச்டிஆர்’ வேலை. அடுப்பும் வெளிச்சம், கூரையும் வெளிச்சம், வாசலுக்கு வெளியே மலையும் மேகமும் அதே வெளிச்சம். சூரியன் எங்கே இருக்கிறது என்று கேட்டால் படத்துக்குப் பதில் தெரியாது. சுற்றுலாப் பயணிகளுக்கான தங்கும் விடுதிப் படங்களில் இதைத் தாராளமாகப் பார்க்கலாம். அறை வாடகைக்குப் போகும், வந்தவர் ரிசப்ஷனில் சண்டை போடுவார். கையால் கலக்கத் தெரிந்தவர்கள் இதே மூன்று படத்தை வைத்து ஜன்னலை மட்டும் அரை ஸ்டாப் இறக்குவார்கள். மலை மங்கலாகத் தெரியும், ஆனால் வெளியே வெயில் என்பது மாறாது. உழைப்பு அதிகம். ஆளுக்குக் கூலியும் அதிகம்.

வீடு விற்கும் படங்களில் விவகாரம் சட்டம்வரை போகும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ன் 12-வது பிரிவு, விளம்பரத்தில் இருந்த பொய்யான தகவலை நம்பி முன்பணம் கட்டியவருக்கு இழப்பீடு கேட்கவும் வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெறவும் வழி வைத்திருக்கிறது. இரண்டு ஸ்டாப் ஏற்றிய படம் அந்தப் பிரிவுக்குள் வருமா என்பதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். பக்கத்துக் கட்டடம் ஒட்டி நிற்பதால் பகலிலும் விளக்குப் போட வேண்டிய படுக்கையறையைச் சூரிய மாளிகையாகக் காட்டுவது பொய்தான், சட்டம் என்ன சொன்னாலும்.

எந்தத் திரையில், எந்தத் தாளில்?

படம் இருட்டாக இருக்கிறது என்று திரும்பி வந்தால், படத்தில் கை வைக்கும் முன் மானிட்டரைப் பாருங்கள். படம் திருத்தும் திரையின் வெளிச்சம் 80 முதல் 120 நிட் வரை இருக்க வேண்டும் என்பது தொழிலில் பழகிப்போன அளவு. கடையிலிருந்து வாங்கி வந்த மானிட்டர் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கில் எரியும். அதில் திருத்துபவர் கண்ணுக்கு உறுத்துகிறதே என்று படத்தை இறக்குவார், அச்சில் கதவு கரியாக வரும். கைபேசி இன்னும் மோசம்: வெயிலில் ஆயிரம் நிட்டுக்கு மேல் ஏறும், இரவில் போர்வைக்குள் பத்துக்குக் கீழே இறங்கும். வாடிக்கையாளர் ‘டல்லா இருக்கே’ என்று ராத்திரி பதினோரு மணிக்குச் சொன்னால், காலையில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பதே சரியான பதில்.

பின்னணியும் ஏமாற்றும். 1839-லேயே பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் எழுதிவைத்தது: ஒரே நிறம் கறுப்புக்குப் பக்கத்தில் வெளிச்சமாகவும் வெள்ளைக்குப் பக்கத்தில் மங்கலாகவும் தெரியும். எடிட்டிங் மென்பொருளின் முகப்பு அடர்சாம்பல். பத்திரிகைப் பக்கம் வெள்ளை. அதனால் எடிட் செய்து முடித்ததும் முகப்பை வெள்ளைக்கு மாற்றி ஒருமுறை பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

அச்சுக்குப் போகும் படம் தனிக் கோப்பாகப் போக வேண்டும். வார இதழின் உள்பக்கத் தாளில் மை பரவும். 30-ல் இருக்கும் குழிவும் 10-ல் இருக்கும் குழிவும் ஒன்றாகிவிடும். அப்போது மட்டும் கீழ்முனையைக் கொஞ்சம் தூக்கிக்கொடுப்பது தப்பில்லை, தாளுக்காகச் செய்வது அது. ஃப்ளெக்ஸ் பேனர் என்றால் நிலைமை வேறு. கடைக்காரர் மெஷினுக்கு அனுப்பும் முன் தன் பங்குக்கு ஒரு தடவை ‘ப்ரைட்’ பண்ணிவிடுவார். கேட்காமலே. அதைத் தெரிந்துகொண்டு கால் ஸ்டாப் குறைத்தே கொடுக்கும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள்.

கதவுக்கு முன்பணம் அனுப்பப் போகிறவருக்கு இத்தனையும் தேவையில்லை. பட்டறைக்காரரிடம் இரண்டு படம் கேளுங்கள். ஒன்று நேரே நின்று எடுத்தது. இன்னொன்று, எல்லா விளக்கையும் அணைத்து, ஒரு பக்கத்திலிருந்து கைபேசி டார்ச்சை மட்டும் கதவை ஒட்டிச் சாய்த்துப் பிடித்து எடுத்தது. எடிட் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கையால் செதுக்கியதா, சிஎன்சி மெஷினில் ஓட்டியதா, ஆழம் எவ்வளவு, இதழின் அடி வெட்டப்பட்டிருக்கிறதா அல்லது மேலோடு கீறி விட்டிருக்கிறதா என்பதெல்லாம் அந்த இரண்டாவது படத்தில் தெரிந்துவிடும். விலை பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.